பேதுரு ஏன் பந்தியிலிருந்து எழுந்தார்?

குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு தெரு. ஊர்ப் பெயர் வேண்டாம். இரண்டு வரிசைத் தொகுப்பு வீடுகள், கடைசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஜெபவீடு. புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு அங்கே வேதபாடம் நடக்கும். நடவுக் காலம். பகலெல்லாம் சேற்றில் குனிந்து நின்ற பெண்கள் குளித்து, சோறாக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் ஐந்தாறு பேர். நான் பின்னால் சுவர் ஓரமாக இருந்தேன்.

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை வாசித்தாள். அதில் ஒரு சம்பவம் வருகிறது. அந்தியோகியா என்ற ஊரில் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எருசலேமிலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்து சேர்கிறார்கள். அவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்து பேதுரு விலகிக்கொள்கிறார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகுகிறார்கள். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டிக்கிறார். 

வாசிப்பு முடிந்ததும் அந்தப் பெண்ணின் பாட்டி கேட்டார். எழுத்துத் தெரியாதவர். "ஏன் பாஸ்டரய்யா, பேதுரு பந்தியிலேர்ந்து எந்திரிச்சிப் போனது நம்ம ஊர்ல நடக்குற மாதிரில்ல இருக்கு? தனியா இருக்கறப்ப நம்ம கையால டீ வாங்கிக் குடிக்கிறாரு. அவங்க ஆளு வந்துட்டா கண்ணெடுத்துப் பாக்க மாட்டேங்கிறாரே. அதானே இது?"

போதகர் இளைஞர். நல்லவர். சற்றுத் தடுமாறினார். "அது ஆழமான சத்தியம்மா, இன்னொரு நாள் பாப்போம்" என்று சொல்லி ஜெபத்துக்குப் போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கும் யாரும் இப்படிக் கேட்டுப் படிக்கச் சொல்லித் தரவில்லை. ஆனால் அந்தப் பாட்டி கேட்டதுதான் வேதபாடம் என்பது என் கருத்து. அன்று இரவு அந்தக் கூரைக்கடியில் விசுவாசத்தில் ஒரு படி வளர்ந்தவர் யாரென்றால் அவர்தான்.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். நம் பக்கத்துச் சபைகளில் 'இரட்சிக்கப்பட்டேன்' என்று ஒருவர் சொன்னால், தன் பாவத்தை உணர்ந்து இயேசுவை ஏற்றுக்கொண்ட ஒரு நாள் தன் வாழ்வில் உண்டு என்று பொருள். குடியை விட்ட நாளாக இருக்கலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்த இரவாக இருக்கலாம். எழுந்து நின்று அதைச் சாட்சியாகச் சொல்வார்கள். அந்தச் சாட்சிகளை நான் மதிக்கிறேன். குடித்துவிட்டு வந்து மனைவியை அடித்த ஒருவர் அடிப்பதை நிறுத்தியிருக்கிறார் என்றால் அதை எந்தச் சித்தாந்தம் கொண்டும் நான் குறைத்துப் பேசமாட்டேன்.

கேள்வி அதற்குப் பிறகு வருகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் இரட்சிக்கப்பட்டவர் இன்றும் அதே சாட்சியை அதே வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்: நாற்றங்காலில் நாற்று பச்சைப்பசேலென்று அழகாகத்தான் இருக்கும். குறுவை நாற்றை உரிய நாளில் பறித்து நடாமல் விட்டால் அங்கேயே முற்றிப்போகும். பிறகு நட்டாலும் தூர் கட்டாது. நம் தெருக்களின் சபைகள் பல நாற்றங்காலாகவே நிறுத்தப்பட்டிருக்கின்றன. புதிய ஏற்பாட்டிலும் இந்தக் குறை சொல்லப்பட்டிருக்கிறது. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தில், இந்நேரம் பிறருக்குப் போதிக்க வேண்டியவர்கள் இன்னும் பால் குடிக்கும் குழந்தைகளாக இருக்கிறீர்களே என்று அதை எழுதியவர் வருத்தப்படுகிறார்.

பாலிலேயே நிறுத்தியது யார்? இதற்கு நம் டெல்டாவிலேயே முந்நூறு ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

குடவாசலிலிருந்து கிழக்கே அறுபது கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் சீகன்பால்க் அங்கே வந்து இறங்கினார். தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை 1711-க்குள் மொழிபெயர்த்து முடித்தார். அச்சு இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது, தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்தன. அந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் போதவில்லை. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் சேர்ந்த புத்தகம் வெளிவந்தது. மீதி அடுத்த ஆண்டு.

அந்த ஐந்து பகுதிகள் கொண்ட புத்தகம் தஞ்சாவூர் ராஜாவின் படையில் சேர்வைக்காரராக இருந்த ஒருவர் கைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தது. அவர் பெயர் ராஜநாயக்கன். பறையர். பிறப்பால் கத்தோலிக்கர். ஞானஸ்நானம், சாமி, பூசை, புனிதர் கதை எல்லாம் அவருக்கு ஏற்கெனவே உண்டு. இல்லாதது புத்தகம். அது கிடைத்ததும் விடாமல் வாசித்தார். வாசிக்க வாசிக்கக் கேள்விகள் வந்தன. கேள்விகளோடு 1720-களின் பிற்பகுதியில் தரங்கம்பாடி மிஷனைத் தேடிப் போனார். யாரும் வீட்டுக்கு வந்து அழைத்துப் போகவில்லை. படித்துவிட்டு, தானாகப் போனார். பிறகு தஞ்சைச் சீமையில் உபதேசியார் ஆனார். சிப்பாய் வேலைக்குப் பதில் புத்தகத்தோடு ஊர் ஊராக நடந்தார். கத்தோலிக்கர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. விடவில்லை. தஞ்சாவூர்ப் பகுதியில் புராட்டஸ்டண்ட் சபை வேர் பிடித்ததில் அவர் பங்கு பெரியது.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு வேதவாசிப்பில் வளர்ந்த மனிதனுக்குத் தமிழ்நாட்டில் உதாரணம் தேடினால் எனக்கு முதலில் ராஜநாயக்கன்தான் நினைவுக்கு வருவார். அந்த வளர்ச்சிக்கு என்ன மரியாதை கிடைத்தது?

1733-இல் மிஷன் முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுத்தது. கடலூரைச் சேர்ந்தவர், வேளாளர். அடுத்து இன்னொருவர் தேவைப்பட்டபோது ராஜநாயக்கன் பெயர் பேசப்பட்டது. தகுதியைப் பற்றிக் கேள்வி எழவில்லை. பறையர் கையால் கொடுக்கும் திருவிருந்தை மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் வாங்கமாட்டார்களே என்ற கேள்விதான் எழுந்தது. 1741-இல் குருப்பட்டம் தியோகு என்ற வேளாளருக்குப் போயிற்று. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

இப்போது கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தைத் திரும்ப வாசியுங்கள். யார் வந்துவிடுவார்களோ, என்ன சொல்லிவிடுவார்களோ என்று பந்தியிலிருந்து எழுந்த அந்தப் பேதுருவும், அப்பமும் ரசமும் யார் கையால் என்று யோசித்த அந்த மிஷனரிகளும் வேறுவேறா? அந்த மிஷனரிகள் வேதம் தெரியாதவர்கள் அல்லர். மூல மொழிகளில் படித்தவர்கள். அந்த அதிகாரத்தைத் தமிழில் அச்சடித்ததே அவர்கள் மிஷன்தான்.

இந்த இடத்தில் என் வாதத்துக்கே எதிராக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேதத்தைப் படித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதினால் அது பொய். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரைவிட வேதத்தில் ஊறிய தமிழ்க் கவிஞர் அரிது. சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். சரபோஜி மன்னரோடு சேர்ந்து கற்றவர். அவர் பாடல்கள் இன்றும் சபைகளில் ஒலிக்கின்றன, நானும் பாடுகிறேன். அதே சாஸ்திரியார்தான், திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டை நீக்க வேண்டும் என்று புதிய மிஷனரிகள் முனைந்தபோது அதை எதிர்த்து எழுதினார். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். உட்காரும் இடத்திலும் திருவிருந்திலும் இனிப் பிரிவு கூடாது. தஞ்சாவூரில் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். வேதத்தை விட்டு அல்ல, சேர்ந்து உட்காருவதை விட்டு. வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டேதான் போனார்கள்.

ஆகவே எவ்வளவு படித்தோம் என்பது மட்டும் கணக்கில் வராது. யாரோடு உட்கார்ந்து படித்தோம் என்பதும் வரும். பந்தியில் இடம் மறுக்கப்பட்டவர் வாசிப்பில் இருந்தால், பேதுரு எழுந்து போன இடத்தை அவர் தாண்டவிடமாட்டார். அவர் இல்லாத வாசிப்பில் அந்த இடம் வழுக்கிக்கொண்டு போய்விடும். சாஸ்திரியார் காலத்து வேளாளர் வீட்டு வாசிப்பில் அந்தப் பாட்டி உட்கார்ந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். உட்காரவே விட்டிருக்கமாட்டார்கள், அது வேறு.

மதம் மாறினால் மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும் என்பது நம் தலைவர்களுக்குத் தெரிந்திருந்தது. அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று வாரப் பத்திரிகையும் தொடங்கினார். சங்கத்தோடு வாசிப்பும் வேண்டியிருந்தது. அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவினார். அவர்கள் படிப்பதற்கென்றே 'புத்தரும் அவர் தம்மமும்' என்ற நூலை எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு, 1957-இல் அது வெளிவந்தது. தழுவிய நாளோடு வேலை முடிந்துவிடாது என்று அவருக்குத் தெரியும். கிறிஸ்தவத் தெருக்களிலோ புத்தகம் முந்நூறு ஆண்டுகளாகக் கையிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை துணிப்பையில் வைத்துக் கொண்டுபோகிறோம், மேடையிலிருந்து ஒருவர் நாலு வசனம் சொல்வதைக் கேட்கிறோம், 'ஆமென்' சொல்லிவிட்டு வருகிறோம்.

பெரிய நற்செய்திக் கூட்டங்கள் இந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கிவிட்டன. ஒலிபெருக்கியிடம் கேள்வி கேட்க முடியாது. யூடியூபில் வரும் பிரசங்கத்திடமும் முடியாது. ஆசீர்வாதம் என்றால் கார், வீடு, விசா என்று சொல்லும் பிரசங்கங்கள் இப்போது நடவாள் பெண்களின் கைப்பேசிக்கும் வந்துவிட்டன. கூலி பாக்கி வைத்த மிராசுதாரரைப் பற்றி யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இருப்பதை அந்தப் பிரசங்கங்களில் நான் கேட்டதில்லை. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்பது அங்கே இருக்கிறது. அறுவடை செய்கிறவர்களைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசும் பகுதியை அறுவடை செய்கிறவர்களிடமிருந்தே மறைத்து வைத்திருக்கிறோம்.

மொழியும் ஒரு தடை. நம் சபைகளில் வழக்கத்தில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் அழகானது, காதுக்குப் பழகியது. ஆனால் வடசொற்கள் அதிகம். ஒருமுறை விசுவாசமும் கிரியையும் பற்றிப் பாடம். ஒரு அம்மா கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "கிரியை செய்யக்கூடாதுன்னு அன்னிக்குச் சொன்னாங்களே, இன்னிக்கு வேணுங்கிறாங்களே?" அவர் நினைத்தது கருமாதி. சிரித்தோம். பிறகு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எத்தனை ஆண்டுகளாக அந்தச் சொல்லை அவர் அந்தப் பொருளிலேயே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ? கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் எளிய தமிழில் இருக்கிறது. 'செயல்' என்று போட்டால் புரிந்துவிடும். பழையதைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம், எந்தச் சபைச் சட்டமும் தடுக்காது.

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று தெரிந்தவர், இதை இசையில் செய்து காட்டினார். நாட்டுப்புற மெட்டில், கூலிக்காரர் பேசும் தமிழில் ஆராதனை அமைத்தார். தீட்டு என்று ஒதுக்கிய பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தார். பாடுகிறவர்களே பாட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றார். வேதபாடத்துக்கும் அந்தச் சுதந்திரம் வேண்டும்.

இன்னொரு தடை சட்டத்திலிருந்து வருகிறது. அந்த ஜெபவீட்டில் புதன்கிழமை வரும் கல்லூரி மாணவர் ஒருவர், வேதாகமத்தை நோட்டுப் புத்தகங்களுக்கு நடுவே மறைத்து எடுத்து வருகிறார். யாராவது புகைப்படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். காரணம் சாதிச் சான்றிதழ். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். தெரு மாறுவதில்லை, சுடுகாடு மாறுவதில்லை, டீக்கடையில் பார்க்கும் பார்வை மாறுவதில்லை. பட்டியல் மட்டும் மாறுகிறது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது.

அந்த மாணவரிடம் போய், விசுவாசத்தை மறைக்காதே, துணிந்து சொல் என்று பிரசங்கம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. அவர் அம்மா களை பறித்துக் கட்டும் கட்டணம் அது. பொய் சொல்லவைப்பது அந்த மூன்றாம் பத்தி, அவரல்ல. ஆனால் சபைக்கு ஒரு கேள்வி உண்டு. இந்தப் பாரத்தோடு அவர் புதன்தோறும் வருகிறார். அதைப் பற்றி வேதபாடத்தில் ஒரு நாளாவது பேசியிருக்கிறோமா? இரவில் யாருக்கும் தெரியாமல் இயேசுவிடம் வந்த நிக்கோதேமுவைப் பற்றி யோவான் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் உடனே பகிரங்கமாகிவிடவில்லை. அவரை இயேசு துரத்தவும் இல்லை, உட்காரவைத்துப் பேசினார். பல அதிகாரங்கள் தள்ளி, சிலுவையிலிருந்து இறக்கிய உடலை அடக்கம் செய்ய வாசனைப் பொருளோடு பகலில் வந்து நிற்கிறார். ஒரு மனிதர் வளர எவ்வளவு காலம் ஆகிறது என்பதை அந்தக் கதையில் பார்க்கலாம். இதை அந்த மாணவரோடு சேர்ந்து படிக்க எந்த ஆணையத்தின் அறிக்கையும் வரவேண்டியதில்லை.

எப்படிப் படிப்பது என்று சிலர் கேட்கிறார்கள். நான் இறையியல் படித்தவன் அல்லன். பார்த்ததைச் சொல்கிறேன். பொறுக்கி எடுத்த வசனங்களை விட்டுவிட்டு ஒரு அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கட்டும், அவர்களுக்கும் தமிழ் வாசிப்பு பழகும். எழுத்துத் தெரியாதவர்கள் முதலில் பேசட்டும். போதகர் கடைசியில் பேசட்டும். இது போதகருக்கு மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் அப்போஸ்தலர் பதினேழாம் அதிகாரத்தில் பெரோயா ஊராரைப் பார்க்கலாம். பவுலே வந்து சொன்னாலும் அது அப்படித்தானா என்று தினமும் வேதத்தில் தேடிப் பார்த்தார்கள். அதற்காக அவர்களை அந்தப் புத்தகம் பாராட்டியிருக்கிறது. முடிந்தால் அடுத்த தெருவிலிருந்தும், மற்றச் சாதியினர் நடத்தும் சபையிலிருந்தும் ஆளை அழையுங்கள். வருவார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். அழைப்பதில் நட்டமில்லை.

அந்த இளம் போதகரைப் போன வாரம் குடவாசல் கடைத்தெருவில் பார்த்தேன். தானே பேச்சை எடுத்தார். அன்றிரவு வீட்டுக்குப் போய் கலாத்தியரை மூன்று முறை படித்தாராம். "அந்தம்மா கேட்டதுக்கு நான் பதில் சொல்லலீங்க. எனக்கும் அந்தப் பந்தி தெரியும். எங்க வேதாகமப் பள்ளியிலேயே தட்டு தனியா இருந்துச்சு" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

வரும் புதன்கிழமை கலாத்தியரை மறுபடி எடுக்கப் போவதாகச் சொன்னார். அதற்கு அடுத்த வாரம் யாக்கோபு இரண்டாம் அதிகாரம். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இருக்கையும் கந்தை உடுத்தியவனுக்குத் தரையும் காட்டும் சபையைப் பற்றிய பகுதி அது. பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறாராம், பேத்தி வீட்டில் வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.